தீப்பெட்டி ஒட்டிய பிஞ்சுக் கைகளும் நம் கடைகளும்

மளிகைக் கடையில் லாபம் மிகக் குறைந்த சரக்கு எது என்று கேட்டால், நம்மில் பலரும் யோசிக்காமல் தீப்பெட்டி என்று சொல்லிவிடுவோம். உப்பையும் தீப்பெட்டியையும் லாபத்துக்காக யாரும் வாங்கி வைப்பதில்லை. அவை இல்லை என்றால் வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போவார். போனவர் பருப்பையும் எண்ணெயையும் அங்கேயே வாங்கிக்கொள்வார். அதற்காகவே வைக்கிறோம். ஐம்பது பைசாவுக்கு விற்ற தீப்பெட்டி 2007ல் ஒரு ரூபாய் ஆனது. அதன்பின் 14 ஆண்டுகள் விலை அசையவில்லை. 2021 டிசம்பர் 1 முதல்தான் இரண்டு ரூபாய் ஆயிற்று. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பல மடங்கு ஏறிய காலத்தில் இந்த ஒரு பொருள் மட்டும் எப்படி அவ்வளவு மலிவாகவே கிடைத்தது?

இயந்திரம், போட்டி, வரிச்சலுகை என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் நீண்ட காலத்துக்கு முதல் காரணமாக இருந்தது, சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகளின் கைக்கூலி. அந்தப் பிள்ளைகள் எப்படி வேலைக்கு வந்தார்கள், எப்படி விடுபட்டார்கள் என்பது நம் நாட்டில் குழந்தை நல வரலாற்றின் முக்கியமான ஒரு பகுதி. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் கடை வைத்திருக்கும் நமக்கு அது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அந்தச் சரக்கு கடைசியாக வந்து சேர்ந்த இடம் நம் கடைப் பலகைதான். மேலும், "கடைப் பையன்" என்ற வழக்கம் நம் தொழிலுக்கே உரியது. ஆகவே இது நம் கதையும்கூட.

குட்டி ஜப்பான்

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் மழையை நம்பிய கரிசல் பூமி. காவிரி போல ஓர் ஆறு அங்கே இல்லை. மழை பொய்த்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சோறு இல்லை. இந்த நிலையில் சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் 1922ல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று, 1923ல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். அதே காலத்தில்தான் சுவீடன் நாட்டு முதலீட்டில் விம்கோ நிறுவனம் பெரிய இயந்திரங்களோடு இந்தியாவில் கால் ஊன்றியது. இயந்திரத்தை எதிர்த்துக் கைவேலை நிற்க முடியாது என்று எல்லோரும் சொன்ன நேரத்தில் சிவகாசிக்காரர்கள் நின்று காட்டினார்கள். தீப்பெட்டியோடு அச்சகமும் பட்டாசும் வளர்ந்தன. குட்டி ஜப்பான் என்ற பெயரும் கிடைத்தது. வணிகர்களாகிய நாம் பெருமைப்படவேண்டிய சாதனை அது. அதில் ஐயமில்லை.

இயந்திரம் இல்லாமல் கையால் செய்யும் சிறு உற்பத்தியாளர்களுக்கு அரசு கலால் வரியில் சலுகை தந்தது. அதனால் தொழில் ஒரே கூரைக்கு அடியில் இல்லாமல் நூற்றுக்கணக்கான கொட்டகைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பரவியது. பெட்டி ஒட்டுவது வீட்டில் நடக்கும். குச்சியைச் சட்டத்தில் அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டியில் அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பண்டல் கட்டுவது எல்லாம் கொட்டகையில் நடக்கும். மருந்து முக்குவதைத் தவிர மற்றவை பெரும்பாலும் உட்கார்ந்து செய்யும் வேலைகள். இத்தனை சட்டம் அடுக்கினால் இவ்வளவு, இத்தனை பெட்டி அடைத்தால் இவ்வளவு என்று எண்ணிக்கைக் கூலி. எண்ணிக்கைக் கூலி என்றால் வயது கேட்க அவசியமில்லை அல்லவா? அங்கேதான் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள்.

1970களிலும் 1980களிலும் அந்த வட்டாரத்துக் கிராமங்களில் விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து நிற்கும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவந்து விடும். பெரும்பாலும் பெண் குழந்தைகள். அண்ணன் தம்பி பள்ளிக்கூடம் போக, அக்கா தங்கை பஸ் ஏறினார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக ஒரு பிள்ளை ஆண்டுக்கணக்கில் உழைத்ததும் உண்டு. மருந்துத் தூசியில் இருமலும், ஒரே இருப்பில் உட்கார்ந்ததால் முதுகு வலியும், இருட்டில் குச்சி அடுக்கியதால் கண் எரிச்சலும் அந்த வயதிலேயே வந்தன.

எத்தனை பிள்ளைகள்? 1985 டிசம்பர் 31 நிலவரப்படி சிவகாசிப் பகுதியில் பதிவு பெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகள் 221, அவற்றில் தொழிலாளர்கள் 27,338 பேர், அவர்களில் குழந்தைகள் 2,941 பேர் என்ற கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. இது பதிவேட்டுக் கணக்கு. பதிவில்லாத கொட்டகையும் வீட்டுத் திண்ணையும் இதில் சேராது. அக்காலத்து ஆய்வாளர்கள் இதைப் போலப் பல மடங்கு சொன்னார்கள். 45,000 என்ற எண்ணிக்கை அந்நாளில் பரவலாகப் பேசப்பட்டது. 1990ல் "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" என்ற ஆவணப்படம் இதை வெளி உலகுக்குக் காட்டியது. பேரேட்டில் ஒரு கணக்கும் கல்லாவில் ஒரு கணக்கும் இருந்தால் என்ன பொருள் என்று வணிகர்களாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லண்டனிலும் இதே கதைதான்

நம் நாடு ஏழை நாடு, அதனால் இப்படி நடந்தது என்று முடித்துவிட முடியாது. உலகத்தில் முதலில் தொழில்மயமான இங்கிலாந்திலும் இதே கதைதான். பஞ்சாலைகளில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் வேலை செய்தார்கள். 1833ல் வந்த சட்டம்தான் 9 வயதுக்குக் குறைந்தவர்களை ஜவுளி ஆலைகளில் வைக்கக்கூடாது என்றது. 9 முதல் 13 வயது வரை நாளைக்கு 9 மணி நேரம் வேலை வாங்கலாம் என்று அதே சட்டம் அனுமதியும் கொடுத்தது. முதன்முதலாகச் சம்பளம் பெறும் ஆய்வாளர்களை நியமித்ததும் அந்தச் சட்டம்தான்.

தீப்பெட்டிக்கே வருவோம். லண்டனில் ஒரு பெரிய தீப்பெட்டி ஆலையில் வேலை செய்த பெண்களும் சிறுமிகளும் 1888ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றைய தீக்குச்சியில் இருந்தது வெண் பாஸ்பரஸ். அதன் புகையால் தொழிலாளர்களின் தாடை எலும்பே அழுகிப்போகும். உலக நாடுகள் 1906ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடி இதைத் தடுக்க உடன்பாடு செய்தன. இந்தியாவிலும் 1913ல் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சிக்குத் தடை வந்தது. சிவகாசியில் தொழில் தொடங்குவதற்கு முன்பே இந்தப் பெரிய ஆபத்து நீங்கிவிட்டது என்பது ஒரு நல்ல காலம்.

நம் நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881ல் வந்தது. 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது, 7 முதல் 12 வரை நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. அதற்குப் பின்னால் பிள்ளைகள் மேல் இருந்த இரக்கம் மட்டும் இல்லை. பம்பாய் ஆலைகளின் போட்டியைக் கண்டு லங்காஷயர் முதலாளிகள் கொடுத்த நெருக்கடியும் இருந்தது. எப்படியோ ஒரு கோடு கிழிக்கப்பட்டது. 1891ல் 9 வயது, 1922ல் 12 வயது, 1948ல் 14 வயது என்று அந்தக் கோடு மெல்ல மெல்ல ஏறியது.

சட்டம் இருந்தது, பிள்ளைகளும் இருந்தார்கள்

நம் வாசகர்கள் பலருக்கு வியப்பாக இருக்கக்கூடிய ஒரு செய்தி உண்டு. தீப்பெட்டித் தொழிலில் சிறுவர்களை வைக்கக்கூடாது என்ற சட்டம் 1986ல் வந்ததென்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது 1938லேயே வந்துவிட்டது. அவ்வாண்டின் குழந்தைகள் வேலை நியமனச் சட்டம் பீடி, தீப்பெட்டி, பட்டாசு, சோப்பு, சிமெண்ட், தோல் பதனிடுதல் முதலிய தொழில்களில் 12 வயதுக்குக் குறைந்தவர்களை வைக்கக்கூடாது என்றது. பின்னர் அந்த வயது 14 ஆனது. அதற்கும் முன்பே, 1933ல், பிள்ளைகளின் உழைப்பை அடகு வைத்துப் பெற்றோர் கடன் வாங்குவதைத் தடுக்கும் சட்டம் வந்திருந்தது. ஆனாலும் 1938க்குப் பின் ஐம்பது ஆண்டுகள் விடியற்காலை பஸ் ஓடியது.

ஏன்? 1938 சட்டத்தில் ஒரு வாசல் திறந்தே இருந்தது. குடும்பத்தார் சேர்ந்து செய்யும் பட்டறைக்கு விலக்கு உண்டு. வீட்டில் பெட்டி ஒட்டும் பிள்ளை சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆய்வாளர் வந்தால் பிள்ளைகள் பின்வாசல் வழியே போய்விடுவார்கள் என்பதும் ஊரறிந்த விஷயம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிள்ளை வேலைக்குப் போகவில்லை என்றால் மதியம் அதற்குச் சோறு யார் போடுவது என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

சிவகாசியை மட்டும் குறை சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது. நம் கடைகளுக்கான சட்டம் 1947லேயே வந்தது. சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பின்னாளில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று பெயர் மாறியது. 14 வயது நிறையாத எவரையும் கடையில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று அது தெளிவாகச் சொன்னது. 14 முதல் 17 வயது வரை உள்ளவர்களை நாளைக்கு 7 மணி நேரம், வாரத்துக்கு 42 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, காலை 6 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வைக்கக்கூடாது என்றும் சொன்னது. கடை உரிமம் புதுப்பிக்கும்போது கையெழுத்துப் போட்ட நம் பெரியவர்களில் எத்தனை பேர் அந்த விதியைப் படித்திருப்பார்கள்? கடைத்தெருவில் பொட்டலம் மடித்த பையன்களின் வயதைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

கடைப் பையன்

நம் தொழிலின் வழக்கத்தையும் நியாயமாகப் பார்க்கவேண்டும். மண்டியிலும் மளிகைக் கடையிலும் பையனைச் சேர்ப்பது என்பது அந்நாளில் ஒருவகைக் குருகுலமாகக் கருதப்பட்டது. சொந்த ஊரிலிருந்து உறவுக்காரப் பையனை அழைத்துவந்து, சாப்பாடு போட்டு, தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொடுத்து, கடையிலேயே படுக்கவைத்து, சரக்கு அறிய வைத்து, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத் தனிக்கடை வைத்துக்கொடுத்த முதலாளிகள் இருந்தார்கள். இன்று டெல்டா நகரங்களில் பெரிய கடை வைத்திருக்கும் பல குடும்பங்களின் முதல் தலைமுறை அப்படி வந்ததுதான். இதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் தனிக்கடை வைத்த பத்துப் பேரைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். கடைசிவரை எடுபிடியாகவே இருந்து முதுகு வளைந்த நூறு பேரை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? உறவுக்காரப் பையனுக்குக் கல்லா வரை வழி திறந்தது. உறவில்லாத ஏழைப் பையனுக்கு மூட்டைக் கட்டு வரைதான் வழி.

ஒரு கடைப் பையனின் கதை நாடறிந்தது. 1903ல் விருதுநகரில் பிறந்த காமராஜர் சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை வணிகர்களின் கொடையால் நடந்த பள்ளி. விற்பனையில் ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுவுக்கு எடுத்துவைக்கும் மகமை, வீடு வீடாகத் தினமும் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கும் பிடியரிசி ஆகிய ஏற்பாடுகளால் 1889 முதல் அந்தப் பள்ளி ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி தந்தது. அரசாங்கம் யோசிப்பதற்கு முன்பே கடைக்காரர்கள் யோசித்திருக்கிறார்கள் என்பதை நம் சங்கத்தார் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே மாவட்டத்தில்தான் தீப்பெட்டிப் பிள்ளைகளும் இருந்தார்கள். வணிகர் கட்டிய பள்ளி ஒரு பக்கம், பஸ் ஏறிய பிள்ளைகள் மறு பக்கம். பள்ளிக்கூடக் கட்டடம் மட்டும் போதவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சோறு செய்த வேலை

பள்ளியில் சோறு போட்டால் பிள்ளை வரும் என்பதை நம் மாநிலத்தில் முதலில் செய்து காட்டியவர் ஒரு வணிகர். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயச் செட்டியார், நெசவும் தோலும் வியாபாரம் செய்த குடும்பத்தவர். 1920ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார். செலவுக்குப் பணம் இல்லை என்று சில ஆண்டுகளில் அது நின்றது.

காமராஜர் முதலமைச்சரான பிறகு 1956ல் மதிய உணவுத் திட்டம் மீண்டும் வந்தது. முதலில் அது ஊராரின் நன்கொடையை நம்பியே நடந்தது. ஒருவர் அரிசி கொடுப்பார், ஒருவர் விறகு கொடுப்பார், மளிகைக்காரர் பருப்பும் புளியும் கொடுப்பார். பின்னர் அரசு தன் பங்கைச் சேர்த்தது. 1960களில் அமெரிக்காவின் கேர் நிறுவனம் அனுப்பிய மாவும் எண்ணெயும் பால் பவுடரும் வந்தன. நம் வயதுக்காரர்களுக்கு அந்த மக்காச்சோள உப்புமாவின் வாசனை இன்னும் நினைவில் இருக்கும்.

1982 ஜூலை 1ல் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இதை மாநிலம் முழுவதும் விரித்தது. கிராமத்துப் பிள்ளைகளில் தொடங்கி, அதே ஆண்டில் நகரத்துக்கும், பின்னர் 15 வயது வரையிலும் விரிந்தது. 1989ல் முட்டை சேர்ந்தது. 2022ல் காலை உணவும் வந்தது. 2023 ஆகஸ்டு 25ல் அந்தக் காலை உணவுத் திட்டம் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது நம் டெல்டாவில், நாகை மாவட்டத் திருக்குவளைப் பள்ளியில்.

இதை நாம் வெறும் அரசு விழாவாகப் பார்க்கக்கூடாது. பிள்ளை வேலைக்குப் போய் வாங்கிவந்த கூலியில் பெரும்பகுதி அதன் சாப்பாட்டுக்கே போயிற்று. அந்தச் சாப்பாடு பள்ளியில் கிடைத்தபோது, வேலைக்கு அனுப்புவதால் குடும்பத்துக்கு மிஞ்சுவது குறைந்தது. வியாபாரக் கணக்குத்தான் இது. சட்டத்தால் ஐம்பது ஆண்டு முடியாததைச் சோற்றுக் கணக்கு பாதியாவது முடித்தது.

மீதிப் பாதி

மற்றப் பாதியைச் சட்டமும் இயந்திரமும் சேர்ந்து முடித்தன. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1987ல் தேசியக் கொள்கையும் வந்தன. அதன்படி சிவகாசி போன்ற இடங்களில், வேலையிலிருந்து விடுபட்ட பிள்ளைகளுக்குச் சாப்பாடும் உதவித்தொகையும் தரும் சிறப்புப் பள்ளிகள் திறந்தன. 1996 டிசம்பர் 10ல் உச்ச நீதிமன்றம், சிவகாசி வழக்கில் தந்த தீர்ப்பு ஒரு திருப்பம். ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும், அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், முடியாவிட்டால் ஒரு குழந்தைக்கு 5,000 ரூபாய் வீதம் அரசு நிதியில் சேர்க்கவேண்டும் என்றது. தண்டத்தோடு குடும்பத்தின் வருமானத்தையும் எண்ணிப்பார்த்த தீர்ப்பு அது.

பிள்ளைகளை வைத்தால் செலவு அதிகம் என்று ஆனபிறகு இயந்திரம் மலிவாகத் தெரிந்தது. குச்சி அடுக்கவும் பெட்டி அடைக்கவும் படிப்படியாக இயந்திரங்கள் வந்தன. வெளிநாட்டில் வாங்குபவர்களும் யார் கையால் செய்த சரக்கு என்று கேட்கத் தொடங்கினார்கள். இன்று அந்த வட்டாரத்தில் தீப்பெட்டி செய்பவர்கள் வயதுவந்த பெண்களும் ஆண்களும்தான். பிள்ளைகள் போனால் தொழிலே அழிந்துவிடும் என்று அன்று சொன்னார்கள். தொழில் அழியவில்லை. விலை இரண்டு ரூபாய் ஆனது. வாடிக்கைக்காரர் யாரும் அதற்காக நம்மோடு சண்டைக்கு வரவில்லை.

நாடு முழுவதும் பார்த்தால் பாதை இவ்வளவு நேராக இல்லை. 5 முதல் 14 வயது வரை வேலை செய்த பிள்ளைகள் 1991 மக்கள்தொகைக் கணக்கில் 1 கோடியே 12 லட்சம். 2001ல் அது குறையாமல் 1 கோடியே 26 லட்சம் ஆனது. 2011ல்தான் 1 கோடியே 1 லட்சமாக இறங்கியது.

நம் நெற்களஞ்சியத்தில்

சோறுடைத்த நாடு என்று பெயர் வாங்கிய நம் மண்ணிலும் பிள்ளைகள் உழைத்தார்கள். பண்ணையாள் முறை இருந்த காலத்தில், பண்ணையாள் வீட்டுப் பையன் ஆறேழு வயதிலேயே மிராசுதாரின் மாட்டை மேய்க்கப் போய்விடுவான். நெல் விளைவித்த வீட்டில் பிள்ளைக்கு நெல்லுச்சோறு இல்லை. 1952ல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கட்டைத் தளர்த்தத் தொடங்கியது.

அதெல்லாம் பழங்கதை என்று நினைக்கும் நேரத்தில் 2018 நவம்பர் 16ல் கஜா புயல் அடித்தது. தென்னை சாய்ந்த குடும்பங்களில் சில, கடனுக்கு ஈடாகப் பிள்ளையை ஆடு மேய்க்கும் வேலைக்கு அனுப்பின. அறுவடை முடிந்த வயலில் கிடை போடும் ஆட்டு மந்தைகளோடு சுற்றிய சிறுவர்களை அதிகாரிகள் மீட்டதைச் செய்தித்தாள்களில் படித்தோம். ஒரு புயல், ஒரு கடன், அவ்வளவுதான். 1933ல் தடுத்த அடகு திரும்பி வந்துவிட்டது.

பள்ளிக்கு அனுப்பினால் கடமை முடிந்தது என்றும் இருக்க முடியாது. 2004 ஜூலை 16ல் கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் சத்துணவு சமைத்த அடுப்பிலிருந்து கீற்றுக்கூரையில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்தார்கள். பசியாற்ற வந்த நெருப்பே பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக்கொட்டகை கூடாது என்ற விதி கண்டிப்பானது. மலிவாக ஒன்றை நடத்துவதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று அன்று இந்த வட்டாரமே தெரிந்துகொண்டது.

இன்று நாம் செய்யவேண்டியது

2016 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தச் சட்டத்தின்படி, 14 வயது நிறையாத எவரையும் எந்த வேலையிலும் வைக்கக்கூடாது. மளிகைக் கடை, மண்டி, கிடங்கு எல்லாம் இதில் அடக்கம். மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை எரிபொருள், வெடிபொருள் போன்ற ஆபத்தான வேலைகளில் வைக்கக்கூடாது. தீபாவளிக்குப் பட்டாசுக் கடை போடும் உறுப்பினர்கள் இதை மறக்கவேண்டாம்.

நம் சொந்தப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தபின் அல்லது விடுமுறையில் கடையில் உதவுவதைச் சட்டம் தடுக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்தச் சலுகையை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் நீட்டிக்கொள்ளக் கூடாது. "என் அக்கா மகன்" என்று சொல்லிச் சமாளிக்கும் பழைய வழி இனிச் செல்லாது. உறவுக்காரப் பிள்ளையானாலும் பள்ளி நேரத்தில் கடையில் நின்றால் குற்றம் குற்றம்தான்.

புதிதாக ஒரு சிக்கல் வந்திருக்கிறது. நம் கடைத்தெருக்களில் மூட்டை இறக்கவும் சரக்கு எடுக்கவும் வட மாநிலத்துப் பையன்கள் வருகிறார்கள். அழைத்துவரும் மேஸ்திரி எல்லோருக்கும் 18 வயது என்பார். மீசை முளைக்காத முகத்தைப் பார்த்தாலே நமக்குத் தெரியும். மொழி தெரியாத ஊரில் தாய் தந்தை இல்லாமல் நிற்கும் பிள்ளை அது. மேஸ்திரியின் வாய்ச்சொல்லை நம்பாமல் பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ கேட்டு, நகல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் வேலைக்கு வைக்காமல் இருப்பதோடு நிறுத்தாமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லவேண்டும். நாம் வேண்டாம் என்று அனுப்பிய பையன் அடுத்த தெருவில் இன்னொரு கிடங்கில் மூட்டை சுமந்தால் நாம் செய்ததில் என்ன பயன்?

சின்ன வயதில் வந்தால்தான் தொழில் பிடிபடும் என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. எங்கள் கடையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த பையன்களைப் பார்த்திருக்கிறோம். துவரம்பருப்பில் ரகம் பிரிக்கவும், மிளகாய் வற்றலைக் கையில் எடுத்து ஈரம் சொல்லவும் மூன்று நான்கு மாதம் ஆகிறது. அதன்பின் ஜி.எஸ்.டி. பில் போடுவதையும் கணினியில் இருப்புப் பார்ப்பதையும் அவர்கள்தான் நமக்குச் சொல்லித்தருகிறார்கள். எட்டு வயதில் பொட்டலம் மடிக்கத் தொடங்கியவருக்கு இது வாய்த்திருக்குமா?

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. மகமையும் பிடியரிசியும் நம் முன்னோர் கண்ட வழி. இன்று பள்ளி கட்ட நம் பணம் தேவையில்லை, அரசு கட்டுகிறது. சோறும் அரசு போடுகிறது. ஆனால் பத்தாவதோடும் பன்னிரண்டாவதோடும் நின்றுபோகும் பிள்ளைகள் நம் கண்முன்னே இருக்கிறார்கள். நம் கிடங்கில் மூட்டை தூக்குபவரின் மகள், நம் கடையில் வண்டி ஓட்டுபவரின் மகன். ஒவ்வொரு கடையும் நாளொன்றுக்கு ஒரு சிறு தொகையை எடுத்துவைத்து, ஆனி ஆடியில் கல்லூரிக் கட்டணம் கட்டும் நேரத்தில் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன? பெரிய தொகை வேண்டாம். ஒரு தீப்பெட்டியில் நமக்குக் கிடைக்கும் லாபம் எவ்வளவு சிறியது என்று நமக்குத் தெரியும். அந்தச் சிறிய லாபத்தைப் பண்டல் பண்டலாகச் சேர்த்துத்தான் குடும்பம் நடத்தினோம். அதே கணக்கு இதற்கும் பொருந்தும்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசவேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்குள் ஒவ்வொருவரும் தம் கடையிலும் கிடங்கிலும் நிற்பவர்களின் வயதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.